எச்சில் ஊசி

கோழிக்குள் குத்திச் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை என் அண்ணி தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். போன ஜனவரியில், நெமிலிச்சேரியில் அண்ணன் வீட்டில், காலை ஏழு மணிக்குப் பல் விளக்கிவிட்டு வந்த நான் கண்ட காட்சி இது. அரை அடி நீளத்துக்கு ஊசி மாதிரி ஒரு எஃகுக் கம்பி, அதன் தலையில் எண் காட்டும் சின்னத் திரை. எட்மன்டனிலிருந்து அண்ணனுக்காக ஆசை ஆசையாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன சாமான். "முப்பத்தாறுதான் காட்டுது சுமதி. ஜொரம்லாம் இல்ல, சொம்மா ஒடம்பு வலிதான்" என்று என்னிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டு, அண்ணி கம்பியை முந்தானையில் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்து, மசாலா டப்பாக்களுக்கு நடுவே எடுத்த இடத்திலேயே செருகினார். அன்று சாயங்காலம் அதே கம்பி அண்ணனுடைய வண்டியில் கோழித் தொடைக்குள் போக வேண்டியது. "ஐயோ அண்ணீ!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாத்துக்கு இப்படிக் கத்துற? குளிச்சிட்டுதானே வெச்சேன்" என்றார்.

கடல் தாண்டிப் போன நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நாம் ஒரு வேலைக்கென்று தூக்கிக்கொண்டு போகிற சாமான் ஊரில் வேறொரு வேலையில் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு முந்தைய தடவை நான் கொண்டுபோன காபி வடிகட்டும் காகிதமெல்லாம் சாமி அலமாரியில் விபூதி மடிக்கப் போயிற்று. அதைப் பார்த்து நான் சிரித்தேன். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை. அந்தக் கம்பியை நம்பித்தான் அடுத்த ஐந்து நாட்களில் அண்ணனின் பிழைப்பு நிற்பதா போவதா என்பது இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பதினாலு வருஷமாகக் கனடாவில், எட்மன்டன் நகரத்தில், ஒரு கிரில் உணவகத்தின் அடுப்படியில் நிற்கிறவள். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊரில், நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்று சம்பாதிக்கிறேன். என் அண்ணன் ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் லேத் ஓட்டினவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு வேறு இடத்தில் யார் வேலை தருவார்கள்? அப்போதுதான், "கரி அடுப்பு போட்டுக் கோழி சுட்டு வில்லு அண்ணா, நான் இங்கே தினமும் அதைத்தானே செய்கிறேன்" என்று போனில் ஏற்றிவிட்டேன். அவரும் ஒரு தள்ளுவண்டியில் கம்பி வலை வைத்து, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே நிறுத்தினார். அந்த வீடுகளில் இருப்பவர்கள் மதுரை, சேலம், கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். சாயங்காலம் களைத்து வந்து இறங்கும்போது மூக்கில் கோழி வாசனை ஏறினால் விடுவார்களா? வண்டி நன்றாகவே ஓடியது.

நான் ஊருக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் வினை வந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கவிதா. அவருடைய மகன் அண்ணனிடம் வாங்கின கோழியைத் தின்ற மறுநாள் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டான். அதே நாள் அவன் பானிபூரியும் தின்றிருந்தான், எது காரணமென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பழி வண்டி மேல் விழுந்தது, குடியிருப்பின் வாட்ஸப் குழு முழுக்கப் பரவியது. காணும் பொங்கல் அன்று அவர்கள் விழாவுக்கு நூற்றிருபது பேருக்குக் கோழி சுட்டுத் தர அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் வந்து சேர்ந்த பிறகு கவிதா நேரில் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்கண்ணா, ஒருக்கா சொன்ன வாக்கை நான் மாத்தலீங்க. விழாவுக்கு நீங்களே போடுங்க. ஆனா அன்னைக்கு ஒருத்தருக்கு வயிறு கெட்டாலும், மறுநாள்ல இருந்து வண்டி இங்க நிக்கக் கூடாதுங்க. கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்."

அண்ணன் தலையை ஆட்டினார். கவிதா போனதும் என் பக்கம் திரும்பி, "பதினெட்டு வருஷம் மைக்ரோமீட்டர் புடிச்ச கை பாப்பா இது. ஒரு நூலு பிசகாது. என் கோழியப் போய்க் கலீஜுன்னுட்டாங்களே" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வண்டியைத் துடைத்தேன்.

போகிக்கு முந்தின நாள் ஒத்திகை வைத்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பத்துத் தொடைகளை வலையில் பரப்பினார். நெருப்பை அவர் கையாளுகிற அழகைப் பார்க்க வேண்டும்! எங்கே கரியைத் தள்ளுவது, எங்கே இழுப்பது, எப்போது திருப்புவது என்பதெல்லாம் எங்கள் உணவகத்தில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவனுக்கே அப்படி வராது. தெர்மாமீட்டர்தான் அவருக்குப் புதுசு. அதையும் லேத் பட்டறைக்காரராகவே பிடித்துக்கொண்டார். எலும்பில் முட்டாமல் கொழுத்த இடமாகப் பார்த்து ஊசியைச் செருகுவார், எண்ணை வாசிப்பார், உருவி, தோளில் கிடக்கும் பனியன் வேஸ்டில் துடைப்பார். பட்டறையில் எண்ணெய் துடைக்க மூட்டையாக வாங்குவார்களே, அந்த வெட்டுத் துணி. பதினெட்டு வருஷப் பழக்கம், அது இல்லாமல் அவர் தோளுக்கு வேலை ஓடாது. துடைத்த பிறகு ஒரு சொம்பில் கரைத்து வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு. "மஞ்சா எல்லாத்தையும் கொன்னுரும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

ஒரு பச்சைத் தொடையில் குத்தினார். முப்பத்தெட்டு. துணியில் ஒரு துடை, மஞ்சளில் ஒரு முக்கு. அதே ஊசியை, தட்டில் எடுத்து வைக்கத் தயாராக வெந்திருந்த தொடையில் குத்தினார். என் கை என்னைக் கேட்கவே இல்லை. அந்த வெந்த தொடையை இடுக்கியால் எடுத்து அப்படியே குப்பை வாளியில் போட்டுவிட்டேன்.

அண்ணன் குப்பை வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடுக்கியை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி, "இன்னாடி இது, சாப்பாட்டப் போய்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் உள்ளே போய் பாக்டீரியா, கிருமி, க்ராஸ் கன்டாமினேஷன் என்று பாடம் எடுத்தேன். அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் கை பட்டது ஒனக்கு ஆவாதா பாப்பா? ஃபாரின் போயிட்டா அண்ணன் தொட்ட சோறு கசக்குமா?"

இதே கேள்வியை நான் ஒரு மனுஷனிடம் கேட்க நினைத்து, கேட்கத் தைரியமில்லாமல், மூன்று வாரம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறேன்.

எட்மன்டனில் என் முதல் கோடைக்காலம் அது. தலைமைச் சமையல்காரன் டேரன், ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி. எனக்கு அப்போது இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். தெர்மாமீட்டரைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று முதல் நாளே சொன்னான். சுத்தம்தானே, நமக்குத் தெரியாததா என்று நானும் வீட்டிலிருந்து மஞ்சள் தூள் கொண்டுபோய் ஒரு கோப்பையில் கரைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கம்பியை ஏப்ரனில் துடைப்பதும் மஞ்சளில் முக்குவதுமாக என் காரியம் நடந்தது. டேரன் வந்து கோப்பையை மோந்து பார்த்தான். "இது மஸ்டர்டா?" என்றான், கடுகுச் சாஸ் என்று நினைத்து. இல்லை என்றேன். "பின்னே என்ன?" என்றான். எனக்குத் தெரிந்த வார்த்தையைச் சொன்னேன்: "மெடிசின்." உடனே அவன் முகம் மாறிப்போயிற்று. "உடம்பு சரியில்லாமலா அடுப்படியில் நிற்கிறாய்? முதலில் வீட்டுக்குப் போ" என்று என்னைத் துரத்தியே விட்டான். நன்றாக இருந்தவள் அன்றைக்கு நோயாளியாகப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் நடந்தது சிரிப்பு இல்லை. பச்சைக் கோழியில் குத்தின கம்பியைத் துடைத்துவிட்டு வெந்த கோழியில் குத்தினேன். டேரன் பார்த்துவிட்டான். ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தட்டு முழுவதையும், இருபது துண்டுக்குக் குறையாது, குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான். நான் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எங்கள் அப்பா சின்ன வயதில் டீக்கடையில் தனிக் கிளாஸில் டீ குடித்தவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, நான் தொட்ட சாப்பாட்டை ஒருவன் கண் முன்னால் வீசினால் வேறு என்ன தோன்றும்? இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்தும் இதுதானா என்றுதான் தோன்றியது. மூன்று வாரம் அவன் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். ஒரு நாள் டேரனே அவசரத்தில் அதே தப்பைச் செய்தான். தன் கையால் குத்திய கோழியை, தன்னையே திட்டிக்கொண்டு, அதே தொட்டியில் தானே கவிழ்த்தான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவன் வீசியது என் கை பட்டதற்காக அல்ல, கம்பி பட்டதற்காக என்று. எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று சொல்லி மாளாது.

இதையெல்லாம் அண்ணனிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். பதினாலு வருஷமாகப் போனில் "நல்லா இருக்கேன் அண்ணா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறேன்? அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம் அழுதுகினு இருந்தியா? ஒரு போன் போட்டுருந்தா அந்தத் தாடிக்காரன நான் ரெண்டு கேட்டுருப்பேன் இல்ல?"

"எந்த பாஷைல கேட்டுருப்ப?"

"திட்றதுக்கு இன்னாத்துக்கு பாஷை?" என்றார். அண்ணி முதலில் சிரித்தார், அப்புறம் நாங்களும்.

சிரித்து முடிந்ததும்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. கிருமியை விட்டுவிட்டு வேறு வழியில் போனேன்.

"அண்ணா, கொழம்பு ருசி எப்படிப் பாப்ப?"

"உள்ளங்கைல ஊத்தி."

"கரண்டிய வாயில வெச்சிட்டு அப்படியே திரும்பக் குண்டான்ல உடுவியா?"

"ச்சீ! குண்டானே எச்ச ஆயிடுமே."

"பச்சக் கோழிக்குள்ள போய் வந்த கம்பியும் அப்படித்தாண்ணா. எச்சக் கம்பி. அத்த வெந்த கோழில குத்தினா, வெந்ததும் எச்ச."

அண்ணன் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தோளில் கிடந்த துணியைப் பார்த்தார். "அப்போ இந்தத் துணி?"

"அது எச்ச எல வாரின துணி."

"மஞ்சா தண்ணி?"

"எச்சத் தட்ட மஞ்சாத் தண்ணில முக்கி எடுத்து, அதுல இன்னொருத்தருக்குச் சோறு போடுவியா?"

"தூ!" என்று எழுந்துவிட்டார். "அத்த மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கு இன்னா? கிருமி, கன்டாமினேசன்னு வாத்தியார் மாதிரி இன்னான்னாவோ பேசிக்கினு இருந்தியே!" பிறகு என்ன நினைத்தாரோ, அண்ணி பக்கம் திரும்பி, "நீ வேற கக்கத்துல வெச்சிக்கினு! அந்தக் கோழிக்கே ஜொரம் வந்துரும்" என்றார். அண்ணி அவரை முறைத்த முறைப்பில் வாசல் அடுப்பே அணைந்திருக்கும்.

மறுநாள் விடிகாலை போகி. தெருவெல்லாம் பழைய பாயும் கிழிந்த முறமும் எரிகிற புகை. அண்ணன் தன் தோள் துணியை எடுத்து வந்து நெருப்பில் போட்டார். அது மட்டுமில்லை, உள்ளே போய், பட்டறையிலிருந்து மிச்சமாகக் கொண்டுவந்து வைத்திருந்த வேஸ்ட் மூட்டை முழுவதையும் தூக்கி வந்து கொட்டினார். எண்ணெய் ஊறிய துணி, சொய்யென்று பிடித்துக்கொண்டது. வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போனதிலிருந்து அவர் தூக்கிப் போட மனசில்லாமல் காத்துவைத்திருந்த மூட்டை அது என்பது அப்புறம்தான் அண்ணி சொல்லித் தெரியும்.

அன்று காலை நாங்கள் இருவரும் மருந்துக் கடைக்குப் போனோம். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் கையில் தேய்ப்பார்களே, ஸ்பிரிட்டில் நனைத்துப் பொட்டலமாக விற்கும் சின்னத் துண்டு, அதுதான் வேண்டும். அண்ணன் பெட்டி பெட்டியாகக் கேட்கவும் கடைக்காரர் கவலையாகிவிட்டார்.

"யாருக்குண்ணே? வீட்ல சுகர் பேஷண்ட்டா? தெனமும் ஊசியா?"

"கோழிக்கு" என்றார் அண்ணன்.

"பண்ணை வெச்சிருக்கீங்களா? கோழிக்குத் தடுப்பூசின்னா நீங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போவணும்."

"செத்த கோழிங்க. சாப்புடற கோழி."

கடைக்காரர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் நான்கு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். அண்ணிக்கென்று நிஜமான காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து முறை வகுத்தோம். கோழிக்குள் எழுபத்து நாலு டிகிரி சூடு ஏறினால்தான் வெந்ததாகக் கணக்கு. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் கம்பியைச் சோப்புப் போட்டுச் சூடான தண்ணீரில் கழுவ வேண்டும், தலைத் திரையில் மட்டும் தண்ணீர் ஏறக் கூடாது. நடுவில் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு புதுத் துண்டு, ஒரு துடை, உடனே குப்பை. துடைத்ததும் கம்பி காய நாலு விநாடி பொறுக்க வேண்டும். ஸ்பிரிட் பொட்டலங்கள் நெருப்பிலிருந்து எட்டி, வண்டியின் மறு முனையில். கம்பி இளைப்பாற ஒரு தனி டம்ளர், அதை வேறு யாரும் எதற்கும் தொடக் கூடாது. அண்ணி அந்த டம்ளரின் மேல் ஆணியால் "ஊசி" என்று கீறி வைத்தார். ஒரு முறை புரிந்தால் என் அண்ணனுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

காணும் பொங்கல் சாயங்காலம், குடியிருப்பின் உள்ளே, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். கோலப் போட்டி, கயிறு இழுக்கும் போட்டி எல்லாம் முடிந்து பசியோடு நூற்றிருபது பேர் எங்கள் மேல் வந்து கவிந்தார்கள். கவிதா கையைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு நேர் எதிரே நின்றார், பக்கத்தில் அவர் மகன். பதினாலு வருஷத்தில் எத்தனையோ சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளித்தவள் நான், ஆனால் அங்கே தப்பு நடந்தால் போவது அடுத்தவன் உணவகம். இங்கே போவது என் அண்ணன் தலைநிமிர்வு.

அண்ணன் முதல் தொடையைக் குத்தினார். சட்டென்று, அந்தக் காலத்து பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற குரலில், "எழுவத்தி அஞ்சே!" என்று கத்தினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கம்பியை உயர்த்திப் பிடித்து, புதுப் பொட்டலத்தைக் கிழித்து, ஒரு துடை துடைத்து, துண்டை வாளியில் வீசினார். இதை நான் சொல்லித் தரவில்லை, சத்தியமாக இல்லை. எட்மன்டனில் யாருக்கும் தெரியாமல் மூலையில் நின்று நாங்கள் செய்கிற காரியத்தை என் அண்ணன் மேடையில் ஏற்றிவிட்டார். இரண்டாவது தொடைக்குப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மூன்றாவதற்கு அவர்களே எண்ணை வாசிக்க ஆரம்பித்தார்கள். எழுபத்து நாலுக்குக் கீழே வந்தால் "ஓ..." என்று ஏமாற்றம், மேலே போனால் கைதட்டல்.

நடுவில் சோதனை வந்தது. சங்கத்துக்காரர் ஒருவர், சேலத்துப் பெரியவர், நாலு தட்டோடு வந்து அவசரப்படுத்தினார். "கலர் வந்திருச்சே, குடுத்துடுப்பா. விருந்தாளிங்க நிக்கிறாங்க." உண்மைதான், மேலே பார்த்தால் பொன்னிறமாகப் பளபளத்தது. அண்ணன் குத்தினார்.

"அறுவத்தி ஒண்ணு. வேவல சார்."

"ஒண்ணும் ஆவாது, நான் சொல்றேன், குடு."

"வெளிய வெந்துகீது, உள்ள பச்ச. நீங்க கமிட்டியே ஆனாலும் தரமாட்டேன் சார்."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அண்ணன் கலரைப் பார்த்துக் கொடுத்திருப்பார். அப்போதுதான் கவிதா ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்கண்ணா, அந்த ஊசிய ஒவ்வொரு வாட்டியும் எதுக்குங்க தொடைக்கறீங்க? இப்பத்தானே தொடைச்சீங்க?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தானே சொன்னார்: "வேவாத கோழிக்குள்ள போன ஊசி எச்ச ஊசி மேடம். அத்தத் தொடைக்காம வெந்ததுல குத்தினா, உங்க புள்ளைக்கு நான் எச்சச் சோறு போடற மாதிரி. நம்ம ஊட்டுப் புள்ளைக்குச் செய்வமா?"

கவிதா தன் மகன் கையிலிருந்த தட்டை வாங்கி நீட்டினார். "எழுவத்தி நாலு வந்தப்புறம் இவனுக்கு ஒண்ணு வைங்க." சேலத்துப் பெரியவரும் நாலு தட்டையும் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்து அண்ணன் "எழுவத்தி ஆறே!" என்றபோது பிள்ளைகள் போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் ஓடினோம். அண்ணி அக்கம்பக்கத்துக் கோயில் ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள் காலை கவிதா வாட்ஸப் குழுவில் போட்டதைத் தன் போனிலேயே கொண்டுவந்து காட்டினார். நூற்றிருபது பேரில் ஒருவருக்குக்கூடத் தலைவலி என்று இல்லை. வண்டி கேட்டு முன்னால் நிற்கலாம். அதோடு, ஞாயிறுதோறும் உள்ளே வந்து போடச் சொல்லிக் கமிட்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம். கவிதா போன் திரையைப் படிக்கப் படிக்க அண்ணன் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். கவிதா போனதும் என் தலையில் ஒரு குட்டு வைத்தார், சின்ன வயதில் பரீட்சையில் நான் பாஸாகி வந்தால் வைப்பது மாதிரி. ஜெயித்துவிட்டோம்! அந்த அடுப்படியில் நின்ற பதினாலு வருஷமும் எதற்கென்று நான் என்னையே கேட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அன்று அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் கிளம்பிய நாள் ஞாயிற்றுக்கிழமை. விமானத்துக்குப் போக சாயங்காலமே கார் வந்துவிட்டது. இரண்டு பெட்டிகளையும் டிக்கியில் ஏற்றி, அண்ணியையும் கூட்டிக்கொண்டு, வழியில் குடியிருப்புக்குள் போய் அண்ணன் வண்டியருகே இறங்கினேன். கடைசியாக ஒரு துண்டு அண்ணன் கையால் தின்றுவிட்டுப் போக ஆசை. வரிசை கேட்டையும் தாண்டி நின்றது. நான் பழக்கத்தில் நேராக வண்டிக்குப் பின்னால் போய் இடுக்கியை எடுக்கக் கை நீட்டினேன்.

"பாப்பா, பெட்டி தூக்கின கை. கழுவிக்கினு வா" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

வாட்ச்மேன் அறைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் என் இடத்தில் அண்ணி நின்று பொட்டலம் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், எத்தனையோ வருஷமாகச் செய்கிறவர் மாதிரி. வண்டிக்குப் பின்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் நின்றேன். எனக்கென்று ஒரு தொடையை வலையின் நடுவில் போட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அண்ணா, நேரமாச்சு. இதுவே போதும், குடு."

அண்ணன் குத்தினார். "அறுவத்தி எட்டு."

"நான்தானே சாப்புடப் போறேன்? குடுண்ணா."

"வேவல பாப்பா. யாரா இருந்தாலும் தரமாட்டேன்" என்று கம்பியைத் துடைத்து டம்ளரில் வைத்தார். என் அண்ணன் சொல்லிவிட்டார், இனி கனடாவே வந்து கேட்டாலும் தரமாட்டார். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது, அதே நேரத்தில் பாழாய்ப்போன அழுகையும் வந்தது.

கார்க் கதவு திறந்தே கிடந்தது. செவ்வாய்க்கிழமைக் காலை ஷிஃப்டில் எட்மன்டனில் என் பேர் எழுதியிருக்கிறது. மறுபடியும் ஹாரன். நான் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு, காருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றேன்.

"எழுவத்தி ஒண்ணு" என்றார் அண்ணன்.

நான் நகரவில்லை.